கொலைஞர் திருந்துவரா?



பாடசாலையின் சேர்வு இடாப்பிலே "தந்தையின் தொழில்" என்று ஒரு நிரல் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு பாடசாலையில் நான் ஆசிரியனாய் இருந்தேன். இடாப்பு எழுதும் பொறுப்பும் என்னுடையதே. ஒரு நாள் ஒரு தாய் தன் மகனைச் சேர்க்க வந்தாள். அந்த நிரலுக்கு வந்ததும் அவள் பேசாது நின்றாள். பையனே விடை கூறினான்: "அப்பா சிறையில் இருக்கிறார், ஐயா."

வேலித் தகராறு ஒன்றிலே அயல்வீட்டுக்காரரைக் கத்தியாற் குத்திக் கொன்றமைக்காக அவனுடைய தந்தைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது பின்னர் ஆயுட் சிறையாக மாற்றப்பட்டிருந்தது. நான் அந்த நிரலில் "மீன்பிடி" என்று எழுதினேன். அது பொய்யன்று, சிறை செல்லும்வரை அவர் செய்த தொழில் அதுவே. முழு உண்மையும் அன்று. இறந்தவரின் மகளும் அதே பாடசாலையில் இரண்டு வகுப்பு மேலே படித்துக்கொண்டிருந்தாள். கொலை செய்தவன் திருந்துவானா, திருந்தினாலும் அவனை நாம் ஏற்கலாமா என்ற வினாக்கள் என்னை அன்று பற்றிக்கொண்டன. இன்றுவரை அவை என்னை விடவில்லை.

"கொலைஞன்" என்று ஒரு சொல்லால் நாம் பலரையும் ஒருங்கே குறித்துவிடுகிறோம். சட்டம் அவ்வாறு செய்வதில்லை. 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இந்நாட்டில் வழங்கும் தண்டனைச் சட்டக்கோவை, கடுமையான திடீர்ச் சினமூட்டலால் தன்னை இழந்து செய்த கொலையை வேறாகவும், எண்ணித் துணிந்து செய்த கொலையை வேறாகவும் வைக்கின்றது. தான் செய்வது இன்னதென்று அறிய இயலாத சித்தப் பிரமை உடையவன் செய்தது குற்றமே ஆகாது என்றும் அது கூறுகின்றது. உள்ளத்தை நோக்கியே குற்றத்தை அளக்கவேண்டும் என்பது இதன் கருத்து.

கொலைஞருள் மிகவும் அஞ்சப்படுவோர் தொடர் கொலைஞர் ஆவர். ஒருவரைக் கொன்றபின் அடங்கியிருந்து, இடைக்காலம் கழிந்ததும் மீண்டும் மற்றொருவரைத் தேடிச் செல்வோரை இப்பெயராற் குறிக்கின்றனர். இச்சொல் 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் புலனாய்வாளரிடையே வழக்கிற்கு வந்ததாயினும், பொருள் மிகப் பழையது. இத்தகையோர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று எண்ணுவது தவறு. நம் அயலகத்தில் நிகழ்ந்த இரண்டு வழக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

1960ஆம் ஆண்டுகளின் நடுவிலும், பின்னர் 1968ஆம் ஆண்டிலும், பம்பாய் நகரின் புறத்தே குடிசைகளிலும் தெருவோரங்களிலும் உறங்கிய ஏழைகள் பலர் இரவிலே தலையில் அடிபட்டு இறந்தனர். 1968 ஓகஸ்ட் மாதத்தில் இராமன் இராகவன் என்பவன் பிடிபட்டான். கீழ் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் அவனை ஆராய்ந்த உளநோய் மருத்துவர்கள், அவன் தீராத மனப்பிளவு நோய் உடையவன் என்றும், தன்னைச் சுற்றிச் சதி நடக்கின்றது என்ற மருட்சியில் வாழ்பவன் என்றும் கண்டனர். 1987ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுட் சிறையாக மாற்றியது. 1995ஆம் ஆண்டில் அவன் நோயுற்றுப் பூனாவில் இறந்தான்.

அதே 1995ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் திகதி, சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர் என்பவன் தூக்கிலிடப்பட்டான். 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் சென்னைத் திருவான்மியூர்ப் பகுதியில் ஆறு பேரைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டவன் அவன். இவனிடம் மருட்சி இருக்கவில்லை. கள்ளச் சாராயமும் பரத்தைமைத் தொழிலும் நடத்தியவன்; அத்தொழிலுக்கு இடையூறானோரை அகற்றும் கருவியாகவே கொலையைக் கொண்டான். சிறையிலிருந்து அவன் எழுதிய தன்வரலாற்றிலே, தன்னோடு தொடர்புடையவர்கள் என்று அதிகாரிகள் சிலரைக் குறிப்பிட்டிருந்தான். அதனை வெளியிடலாமா என்ற வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1994ஆம் ஆண்டில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பாயிற்று.

இருவரும் பலரைக் கொன்றவர்கள். ஆயினும், முதல்வனின் உள்ளம் உலகத்தோடு தொடர்பற்று உடைந்தது. இரண்டாமவனின் உள்ளமோ உலகத்தை நன்றாய் அறிந்து, அதன் ஓட்டைகளைப் பயன்படுத்தியது. முதல்வனுக்கு வேண்டியது மருந்தும் காவலும். அவனை நோக்கி "திருந்து" என்பது காய்ச்சற்காரனை நோக்கிக் "குளிராதே" என்பது போலாகும். இரண்டாமவனின் கதையில் விசாரிக்கப்பட வேண்டியது அவன் மனம் மட்டுமன்று. அவனைப் பல காலம் வளரவிட்ட ஊரும் ஆட்சியுமே விசாரிக்கப்பட வேண்டியவை.

மூன்றாம் வகையினரும் உளர். அறிவு மழுங்காதவர், மருட்சி இல்லாதவர், இனிமையாகப் பேசவும் வல்லவர். பிறர் துன்பம் அவர்களுடைய நெஞ்சிலே தைப்பதில்லை. செய்த தீமைக்கு உள்ளூர வருந்துவதும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஹேர்வே கிளெக்லி 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவ்வியல்பினை விரித்து ஆராய்ந்தார். நலமுள்ள மனத்தின் முகமூடியை அணிந்தவர்கள் என்பது அவர் கண்ட முடிவு. இத்தகையோர் எல்லாரும் கொலைஞர் ஆவதில்லை. கொலைஞர் எல்லாரும் இத்தகையோர் அல்லர். ஆயினும் இவ்வியல்போடு கொடுமையில் இன்பங் காணும் வேட்கையும் சேர்ந்துவிட்டால், ஆபத்து மிகுதியாகும்.

இவர்களைத் திருத்த முடியுமா? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கடுங்காவலுள்ள மனநோய் நிலையம் ஒன்றில் 1960ஆம் ஆண்டுகளில் ஒரு முயற்சி நடைபெற்றது. குற்றவாளிகளைக் குழுக்களாக அமர்த்தி, ஒருவர் உள்ளத்தை மற்றவர் திறந்து காட்டப் பயிற்றினர். விடுதலையானோரின் பின்வாழ்வை ஆராய்ந்த அறிக்கை 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏனைய குற்றவாளிகள் அப்பயிற்சியால் ஓரளவு நலம் பெற்றிருந்தனர். மனச்சான்று குன்றிய வகையினரோ, பயிற்சி பெறாத தம்போன்றோரைக் காட்டிலும் மிகுதியாக வன்குற்றங்களிலே மீண்டும் ஈடுபட்டிருந்தனர்! பிறர் உள்ளத்தை அறியக் கற்றவன், அந்த அறிவை ஏமாற்றுதற்குக் கருவியாக்கினான் போலும். நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதற்கு இதனிலும் கசப்பான பாடம் வேண்டியதில்லை. ஆகவே, இத்தகைய தொடர் கொலைஞரை வெளியே விடலாம் என்று சொல்ல நான் துணியேன். காவலில் வைத்திருப்பது சமுதாயத்தின் கடன்.

ஆனால், அரிதாகத் தோன்றும் இந்தச் சிலரை மனத்திற்கொண்டு, கொலை செய்த எல்லாருக்கும் விதி வகுப்பது நியாயமாகுமா? சினத்தாலோ, குடியாலோ, காணிப் பூசலாலோ ஒரு கணத்திலே கை ஓங்கியவர்கள் பலர். பிரித்தானியாவில் 1949 முதல் 1953 வரை மரண தண்டனையை ஆராய்ந்த அரச ஆணைக்குழு, தண்டனை குறைக்கப்பட்டு விடுதலையான கொலைக் குற்றவாளிகள் பெரும்பாலும் அமைதியாகவே வாழ்ந்தனர் என்றும், அவர்கள் மீண்டும் கொலை செய்தல் மிக அரிது என்றும் கண்டது.

நம் நாட்டிலும் ஒரு பரீட்சை நடந்தது. 1956ஆம் ஆண்டில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தூக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தார். 1958ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. நோவல் மொறிஸ் என்ற சட்டப் பேராசிரியர் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. தூக்கு நிறுத்தப்பட்டதனால் கொலைகள் பெருகின என்பதற்குச் சான்றில்லை என்பது 1959ஆம் ஆண்டில் அது கண்ட முடிவு. அதே ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் பண்டாரநாயக்காவே சுடப்பட்டார். தம்மைச் சுட்டவன்மீது பழிவாங்க வேண்டாம், இரக்கங் காட்டுங்கள் என்று அவர் மருத்துவமனையிலிருந்து மக்களைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் இறந்தார். அவ்வாண்டிலேயே மரண தண்டனை மீட்கப்பட்டது. சுட்ட சோமராமர் 1962ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடை ஏறுமுன் அவர் கிறித்தவராகத் திருமுழுக்குப் பெற்றார். அந்த மனமாற்றம் நிலைத்திருக்குமா என்று அறியும் வாய்ப்பு எவருக்கும் கிட்டவில்லை.

இலங்கையிலே இறுதியாகத் தூக்கு நிறைவேறியது 1976ஆம் ஆண்டில். அதன்பின் தண்டனை விதிக்கப்படுகிறது, நிறைவேற்றப்படுவதில்லை. நெஞ்சை உலுக்கும் கொலை நிகழும்போதெல்லாம் தூக்குக் கயிற்றைக் கேட்கும் குரல் எழுகின்றது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி கொல்லப்பட்டபோது நானும் கொதித்தேன். நம்முள் கொதியாதவர் யார்? அதே ஆண்டு செப்தெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவன் ஐயத்தின்பேரில் கைதானான். நாடு அவனைக் கொலைஞன் என்றே பேசிற்று. மரபணுச் சோதனை அவன் குற்றமற்றவன் என்று காட்டியது. 2016ஆம் ஆண்டில் வேறொருவன் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டான். ஓர் ஆசிரியன் என்ற முறையில் அந்த மாணவனை என்னால் மறக்க இயலவில்லை. நம் கொதிப்பு நியாயமானது; ஆனால் அது நீதிபதியாக இருக்கத் தகுந்ததன்று.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். கொடிய கொலைஞரை அரசன் தண்டித்தல், பயிரைக் காக்கக் களை பறிப்பது போன்றது என்று வள்ளுவர் கூறினார். அதே நூலில் கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மணிமேகலையோ அமுதசுரபியைக் கையிலேந்திச் சிறையினுள் நுழைந்து, பசித்திருந்தோர்க்கு உணவளித்தாள்; பின்பு மன்னனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். குற்றவாளியை நோக்கி அறவுரை கூறுமுன் அவள் செய்தது பசி தீர்த்ததே என்பதைக் கவனியுங்கள். திருத்தம் என்பது சொற்பொழிவால் வருவதன்று. உணவு, தொழில், கல்வி, உறவினரின் வருகை, செய்ததை நேரே நோக்கச் செய்யும் நீண்ட காலம் ஆகியவற்றால் வருவது.

நம் சிங்கள அயலார் நன்கறிந்த அங்குலிமாலரின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்தவன் புத்தரைக் கண்டு துறவியானான். பிரசவ வேதனையுறும் பெண்களின் நலத்திற்காக இன்றும் அவர் பெயரால் பிரித் ஓதுகின்றனர். இக்கதையை மாணவர்க்குச் சொல்லும்போது, மனமாற்றத்தோடு நாம் நிறுத்திவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை. பிச்சை ஏற்கச் சென்ற அத்துறவியின்மீது ஊரார் கல்லெறிந்தனர். தலையில் இரத்தம் வழிய, ஓடு உடைய, அவர் புத்தரிடம் திரும்பினார். பொறுத்துக்கொள் என்றே புத்தர் கூறினார். கல்லெறிந்தோரை அவர் பழித்ததாகக் கதை சொல்லவில்லை. அவர்களுள் மகனை இழந்த தாயும் இருந்திருக்கக்கூடுமன்றோ?

எங்கள் ஊர்க்காரரும் ஒரு நாள் திரும்பி வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நான் அப்போது அதிபராகியிருந்தேன். தலை நரைத்து, கைகட்டி நின்று, "ஐயா, சிறையில் மேசன் வேலை பழகினேன். பாடசாலை மதிலைக் கட்டத் தருவீர்களா?" என்று கேட்டார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் என் முகத்தைப் பார்த்தனர். நான் உடனே விடை சொல்லவில்லை. அன்று மாலை, இறந்தவரின் மனைவியின் வீட்டிற்குச் சென்றேன். அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "வேலை கொடுங்கள், ஐயா. அவருடைய பிள்ளையும் சாப்பிட வேண்டுந்தானே. ஆனால் எங்கள் வீட்டு ஒழுங்கையால் அவர் போகக் கூடாது."

மன்னிப்பு என்று அந்த அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை.

மதில் கட்டி முடிந்தது. அவர் இன்றும் துறைமுகப் பக்கத்தில் மேசன் வேலை செய்கிறார். கடைத்தெருவுக்குப் போக அந்த ஒழுங்கை ஐந்து நிமிட வழி. அவரோ கடற்கரையைச் சுற்றி, அரை மணி நேரம் நடந்தே போகிறார். மழைக்காலத்திலும் அப்படித்தான்.

கொலைஞர் திருந்துவரா என்று கேட்போர்க்கு, எல்லாரும் திருந்துவர் என்று நான் கூறேன். எவருமே திருந்தார் என்றும் கூறேன். அந்த மனிதர் கடற்கரை வழியே நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒருவரேனும் திருந்தியிருக்கிறார் என்று மட்டும் என்னால் உறுதியாகக் கூற முடியும்.