மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் நம் பதிவேட்டில் தொடங்குகிறது

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறேன். அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, "பிளஸ் டூ எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள் சார்" என்றுதான் முதலில் சொன்னேன். இதே எண்ணத்தால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் வாய்ப்பு என் கண்முன்னே நழுவிப் போனது. அதனால்தான் பிறகு பேச ஒப்புக்கொண்டேன்.

அவள் பத்தாம் வகுப்பில் என் வகுப்பு மாணவி. அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2021இல் நீட் தேர்வு எழுதினாள். முடிவு வந்த மறுநாள் அம்மாவும் மகளும் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அடுத்து என்ன சார் செய்யணும்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, பாஸாகிவிட்டாள் அல்லவா, கலந்தாய்வுக்குக் கடிதம் வரும்" என்றேன்.

கடிதம் வரவில்லை. வராது. நீட் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. நம் மாநில இடங்களை நிரப்புவது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. அந்தக் குழுவிடம் தனியாக, இணையவழியில், குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்ததுபோலப் பேசிவிட்டேன்.

அந்த ஆண்டு முடிவு வந்ததற்கும் மாநில விண்ணப்பம் தொடங்கியதற்கும் இடையே பல வாரங்கள் ஓடின. நீட் விண்ணப்பத்தைப் போட்டது ஒரு பிரவுசிங் சென்டரில். அதில் கொடுத்த மின்னஞ்சல் அந்தக் கடைக்காரருடையது. கைப்பேசி எண் அப்பாவுடையது. ரீசார்ஜ் செய்யாமல் அது எப்போதோ நின்றுபோயிருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டதால் அவள் பள்ளிக்கும் வரவில்லை. மேல்நிலை ஆசிரியர்கள் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார்கள். நான் அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். தரவரிசைப் பட்டியல் வெளியானபோது, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் அதில் இருந்தார்கள். அவள் பெயர் இல்லை. மறுபடியும் ஓராண்டு படித்துத் தேர்வெழுத வீட்டு நிலைமை இடம் தரவில்லை. செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

செவிலியர் பணி உயர்ந்த பணி. ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுத்துப் போகவில்லை. விவரம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் போனாள்.

நண்பர்களே, அமெரிக்காவில் பொதுவாக நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பார்கள். பள்ளி முடித்தவுடனே பட்டப்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து இடம் தரும் இணைந்த படிப்புகள் அங்கே சில பல்கலைக்கழகங்களில்தான் உண்டு. நம் நாட்டிலோ பிளஸ் டூ முடித்த உடனே எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. அதாவது, பதினேழு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையின் மிகப் பெரிய விண்ணப்பத்தைப் போடுகிறது. வீட்டில் அதைப் படித்துப் பார்க்க ஆள் இல்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? அமெரிக்க விண்ணப்பங்களில் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். இங்கே அப்படிக் கேட்பதில்லை. ஆனால் நாம் எழுதும் பதிவேடுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் தரும் கடிதம்.

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் பற்றி நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி வந்தது அது. அதற்கு முன் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளி மாணவர்களே எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் கிடைத்தன. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை நம் கவனக்குறைவால் வெளியே நின்றால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இனி, யார் எங்கே கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். மருத்துவத்துக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று நினைக்கலாம். சேர்க்கைப் பதிவேட்டில் நீங்கள் எழுதும் பிறந்த தேதியும் பெயரும்தான் மாற்றுச் சான்றிதழ் வழியாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை வருகின்றன. மருத்துவப் படிப்பில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல், "ஜூன் மாதம் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்ற பேச்சை நம்பி எழுதினால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அது சிக்கலாகும்.

அடுத்து நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். 7.5 விழுக்காட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஆகியவையும் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் வரா. இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. "வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல உதவி பெறும் பள்ளி இருக்கிறது, ஒன்பதாம் வகுப்புக்கு அங்கே போகிறோம், டி.சி. கொடுங்கள்" என்று வரும் பெற்றோரிடம் கையெழுத்துப் போடும் முன் இதை ஒரு நிமிடம் சொல்லுங்கள். போவதும் போகாததும் அவர்கள் விருப்பம். ஆனால் தெரிந்து போகட்டும். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 2021 முதல் இந்த ஒதுக்கீடு உண்டு என்பதால், இது மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமான செய்தி அன்று.

ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் பெயரைப் பாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், சாதிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் இருக்கும். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இறுதியாவதற்கு முன் திருத்துவது எளிது. சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

மேல்நிலை ஆசிரியர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

நீட் விண்ணப்பத்தில் வினாத்தாள் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் வரும். தமிழ்வழி மாணவர் அவசரத்தில் ஆங்கிலம் என்று போட்டுவிட்டால் ஆங்கிலத் தாள் மட்டுமே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

வகுப்புப் பிரிவு இன்னொரு இடறல். மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று இருப்பவர்களில் பெரும்பாலோர் நீட் படிவத்தில் ஓ.பி.சி. என்ற பிரிவில் வருவார்கள். மத்தியப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எம்.பி.சி. என்ற சொல் படிவத்தில் இல்லையே என்று பொதுப் பிரிவைத் தேர்ந்தெடுத்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 சதமானம். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 40 சதமானம். ஒரு சொடுக்கில் வரும் வேறுபாடு இது.

மாநில விண்ணப்பத்துக்கு, படித்த பள்ளிகளின் படிப்புச் சான்று தேவை. ஒரு பிள்ளை மூன்று பள்ளிகளில் படித்திருந்தால், கடைசி வாரத்தில் மூன்று ஊருக்கு அலைய முடியாது. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் வாங்கி வைத்துவிட வேண்டும். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி படிப்புகளுக்கு மீண்டும் தனி விண்ணப்பம். அதற்கும் நீட் மதிப்பெண்தான்.

கட்டணத்தைப் பற்றியும் பெற்றோரிடம் பேசுங்கள். 2020 நவம்பரில் நடந்த முதல் கலந்தாய்வில், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணத்துக்கு அஞ்சி விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. 7.5 விழுக்காட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகே வந்தது. இன்றும் அந்த அச்சம் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறோம். நீட் எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பிள்ளையின் சொந்த மின்னஞ்சல், நடப்பில் உள்ள இரண்டு கைப்பேசி எண்கள், சான்றிதழ்களின் நிலை, மாநில விண்ணப்பம் போட்ட தேதி ஆகியவை அதில் இருக்கும். பக்கத்தின் கீழே பொறுப்பாசிரியர் ஒருவரின் கையெழுத்து. "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்ற பேச்சு அந்தக் கையெழுத்தோடு முடிந்துவிடும். கோடை விடுமுறையிலும் அந்த ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குப் போன் செய்வார். செலவு என்று பார்த்தால் நோட்டின் விலைதான்.

சென்ற ஆண்டு அந்த மாணவி பள்ளிக்கு வந்திருந்தாள். அவள் தம்பி இப்போது எங்களிடம் எட்டாம் வகுப்பு படிக்கிறான். என்னிடம் கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "சார், தம்பியின் ஆதாரில் பெயர் தப்பாக இருக்கிறது, இப்போதே மாற்றிவிடலாமா?" என்று கேட்டாள். அன்று மாலையே இருவரும் இ-சேவை மையத்துக்குப் போனோம்.

நாளை காலை பள்ளிக்குப் போனதும் உங்கள் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது.