அகலச் சாலையும் அருகு வழியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய எங்களுக்குச் சென்னை அயலூர் அன்று. சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர். 1953-ல் மாநில எல்லை இடையே வந்தது, உறவு அறுபடவில்லை. ஆயினும் அண்மையில், சென்னையிலேயே சர்வர் வைத்துள்ள ஒரு தமிழ்த் தளத்தில் ஊர்ச் செய்தி கேட்க அமர்ந்த எங்கள் அன்னையார், ஒவ்வொரு பக்கமும் திறக்கக் காத்திருந்து சலிப்புற்றார். கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டினோம், பயனில்லை. ஆராய்ந்தபோது, எங்கள் வேண்டுகோள் சிங்கப்பூர் சென்று திரும்புவது புலப்பட்டது.

காரணம் யாது? தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு. 1983-ல் வகுக்கப்பட்டது. பல ஊர்களில் சர்வர் வைத்துள்ள தளங்கள், கேட்பவருக்கு அருகிலுள்ளதன் முகவரியையே கொடுக்க முயல்கின்றன. ஆனால் அவற்றின் கண்ணில் படுவது நாமல்லோம். நமக்காகக் கேட்கும் டி.என்.எஸ். சர்வரே. அது கடல் கடந்து இருப்பின், விடையும் கடல் கடந்த முகவரியாகவே வரும். கேட்பவரின் முகவரியில் ஒரு பகுதியையும் உடன் அனுப்பும் முறை 2016-ல் ஆவணமாக வெளியிடப்பட்டது. அந்தரங்கம் கருதிச் சில சேவைகள் அதனைப் பின்பற்றுவதில்லை.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிசெகண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 29 மில்லிசெகண்டு. ஒரு பக்கம் திறக்கப் பல முறை போய்வர வேண்டுமாதலால், சிறுதுளி பெருவெள்ளமாகிறது.

இத்தொல்லை உடைய நேயர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, 'பிங்' கட்டளையால் விடை வரும் நேரத்தை அளந்து குறித்துக்கொள்க. இரண்டாவது, 'என்எஸ்லுக்அப்' கட்டளையால் ஒரே பெயரை இப்போதுள்ள டி.என்.எஸ். சர்வரிடமும், இணைப்புத் தரும் நிறுவனத்தின் சர்வரிடமும் கேட்டு, இரண்டு முகவரிகளையும் ஒப்பிடுக. மூன்றாவது, 'டிரேஸ்ரூட்' கட்டளையால் அவ்விரண்டுக்கும் செல்லும் வழியைக் காண்க.

அருகு முகவரி ஒன்றில் கிடைப்பின், வீட்டு ரூட்டரில் அந்த டி.என்.எஸ். சர்வரை அமைத்து, பழைய விடைகள் நினைவில் தங்காதிருக்கக் கருவிகளை ஒருமுறை அணைத்து ஏற்றுக. எங்கள் இல்லத்தில் இவ்வளவே போதுமானதாயிற்று. முகவரி சரியாக இருந்தும் வழி சுற்றிச் செல்லுமாயின், பிழை டி.என்.எஸ்.ஸில் இல்லை; வலையமைப்புகள் தமக்குள் செய்துகொண்ட பாதை ஏற்பாட்டில் இருக்கிறது. அப்போது குறித்த அளவுகளுடன் இணைப்பு நிறுவனத்துக்கு எழுதுவதே முறை. வெறுமனே "மெதுவாக இருக்கிறது" என்றால் எவரும் செவிசாய்ப்பதில்லை.

சாலையை அகலமாக்குவது வேறு, தூரத்தைக் குறைப்பது வேறு. முன்னதற்குப் பணம் கட்டுமுன், நம் வேண்டுகோள் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டறிதல் நலம். மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழருக்கும் இது பொருந்தும்.