சூடு ஏறினால் சாதுவாகும் கல்

சேலத்தில் கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் போயிருந்தால், வெட்டிக் குவித்த வெள்ளை வெளேரென்ற கல்லைப் பார்த்திருப்பீர்கள். ஊரார் வெள்ளைக்கல் என்பார்கள். கம்பெனிக்காரர்கள் மேக்னசைட் என்பார்கள். அது மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோய், சுத்தமான கல் 100 கிலோவுக்கு 48 கிலோ அளவில் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும்.

சூடு ஏற ஏறப் பொருளின் வேகமும் ஏறும் என்றுதானே நினைப்போம்? இங்கே நேர்மாறு. 700 முதல் 1000 டிகிரி செல்சியஸில் சுட்ட தூள் படுசுறுசுறுப்பு. தண்ணீரோடு சேரும், அமிலத்தைத் தணிக்கும், மெக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் சிமென்ட் போல இறுகும். அதே கல்லை 1500 டிகிரிக்கு மேல் சுட்டால் ‘டெட் பர்ன்ட்’. தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அசைந்து கொடுக்காது. எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல் இதில்தான் தயாராகிறது.

சேர்மம் ஒன்றுதான், மேற்பரப்புதான் வேறு. படிகத்துக்குள்ளே ஒவ்வொரு மெக்னீசியம் அயனியைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன் அயனிகள். வெளிமுகத்தில் ஐந்து, விளிம்பில் நான்கு, மூலையில் மூன்றே மூன்று. துணை குறைந்த இடத்தில் நீர் மூலக்கூறு வந்து ஒட்டினால், அது அங்கேயே பிளக்கும். ஒரு ஹைட்ரஜனைப் படிகத்தின் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை மெக்னீசியம் பிடித்துக்கொள்ளும்.

குறைந்த சூட்டில் வாயு வெளியேறிய தடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். படிகங்களும் பொடிப்பொடியாக இருப்பதால் எங்கு பார்த்தாலும் விளிம்பும் மூலையும்தான். ஒரு கிராம் தூளின் மேற்பரப்பே பல பத்து சதுர மீட்டர் வரும். சூடு ஏறும்போது அயனிகள் இடம்பெயர்கின்றன, சிறு படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கின்றன, துளைகள் அடைபடுகின்றன. கடைசியில் கிராமுக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது.

‘டெட்’ என்றதும் செத்தே போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. சிமென்ட் சூளையின் வெப்பம் சுமார் 1450 டிகிரி. சுண்ணாம்புக்கல்லோடு மெக்னீசியம் அதிகம் கலந்து வந்தால், அதன் ஆக்சைடு அந்தச் சூட்டில் முற்றிப்போய் சிமென்ட்டில் தங்கிவிடும். கான்கிரீட் இறுகி ஆண்டுக்கணக்கில் ஆனபின் மெல்ல நீரை ஏற்று உப்பும். கட்டடத்தில் வெடிப்பு விழும். அதனால்தான் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் மெக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர விதி சொல்கிறது. ஆண்டுகள் கழித்து வரும் வீக்கத்தை முன்கூட்டியே காண, சிமென்ட் கட்டையை ஆட்டோகிளேவில் வைத்து, அழுத்தமான நீராவியில் சில மணி நேரம் வேகவிட்டு, எவ்வளவு நீண்டது என்று அளந்து பார்க்கிறார்கள்.