ஒத்துழையாமை: ஒரு சொல்லும் ஒரு மடலும்



எந்தச் சொல்லையும் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். 'ஒத்துழையாமை' என்பதில் 'ஒத்து' பிறரோடு இசைவதைச் சுட்டும், 'உழை' வினைப்பகுதி, 'ஆமை' எதிர்மறையை உணர்த்தும். (இவ்விடத்தில் என் மாணவர் தவறாமல் சிரிப்பர்.) காந்தியடிகள் 1920இல் தொடங்கிய இயக்கத்தால் இச்சொல் பொதுவழக்கில் ஊன்றியது. 'எதிர்த்தல்' என்னும் பொருள் இதில் நேராக இல்லை. நம் உழைப்பு இல்லையேல் அதிகாரம் நடவாது என்னும் கருத்தே உள்ளது.

அக்கருத்து மெய்ப்பட்ட நிகழ்வொன்றைச் சொல்கிறேன். நாஜிகள் கைப்பற்றிய நார்வேயில், 1942 பிப்ரவரியில், விட்குன் குவிஸ்லிங்கின் அரசு ஆசிரியர் அனைவரையும் ஒரே கட்டாயச் சங்கத்துள் அடக்க முற்பட்டது. சிறார்க்கும் கட்சியின் இளைஞர் அமைப்பு கட்டாயமாயிற்று. மறைவாக இயங்கியோர் ஒரு மடலை வகுத்தனர். அது கைமாறிக் கைமாறிப் பள்ளிதோறும் சென்றது. ஆயிரக்கணக்கான ஆசிரியர் அதைப் படியெடுத்துத் தத்தம் பெயரில் அனுப்பினர்.

அம்மடலின் மொழிநடை என்னை இன்றும் ஈர்க்கிறது. அதில் வசையில்லை, ஆட்சி ஒழிக என்னும் முழக்கமும் இல்லை. இளையோரை அவ்வழியில் வளர்க்க என் மனச்சான்று இடந்தராது. ஆகவே என்னை அச்சங்கத்தின் உறுப்பினனாகக் கருத இயலாது என்பதே அதன் சாரம். 'நாங்கள்' என்னாமல் 'நான்' என்றே ஒவ்வொருவரும் எழுதினர். ஆயினும், பக்கத்து வகுப்பறையிலும் அதே 'நான்' எழுதப்படுவதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வறிவு எனக்கு ஒருமுறை வாய்க்கவில்லை. பணியிலிருந்தபோது, உடன்பாடில்லாத அறிக்கையொன்று என் மேசைக்கு வந்தது. முன்னரே பதினொருவர் கையொப்பமிட்டிருந்தனர், நானும் இட்டேன். அவர்களுள் நால்வர்க்கும் அதில் உடன்பாடில்லை என்று பின்னரே அறிந்தேன். அடுத்த அறைக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். பத்தடித் தொலைவுதான்.

நார்வேயில் பள்ளிகள் மூடப்பட்டன. பெற்றோரும் மறுப்பு மடல்களை எழுதிக் குவித்தனர். சுமார் 1,100 ஆசிரியர் கைதாயினர். அவர்களுள் 600க்கும் மேற்பட்டோர் வடகோடியிலுள்ள கிர்க்கெனஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கடுங்குளிரில் வேலை வாங்கப்பட்டனர். பெரும்பாலோர் அப்போதும் இணங்கவில்லை. குவிஸ்லிங்கின் பெயரோ பல மொழிகளில் 'காட்டிக்கொடுப்பவன்' என்னும் பொதுப்பெயராயிற்று, அகராதியிலும் ஏறிவிட்டது. நவம்பருக்குள் ஆசிரியர்கள் வீடு திரும்பினர். அவன் விரும்பிய பாடம் அவர்தம் வகுப்பறைகளில் நடைபெறவில்லை.