அரசியல் நூலும் பாஞ்சைக் கோட்டையும்

(பாஞ்சாலங்குறிச்சியில் மாணவரிடையே ஆற்றிய உரை)



அரசியலைப் பாடமாகப் பயில்கிறீர்கள். சென்னைப் பல்கலைக் கழகத்தில் அதற்கெனத் துறை தோன்றியது 1937இல். அன்றைய பாடம் பெரும்பாலும் சட்டங்கள், மன்றங்கள், மேனாட்டார் வகுத்த இலக்கணங்கள்! ஏட்டில் எழுதப்பட்டதே அதிகாரம் என்பது அம்முறை.

அந்த அளவுகோலை இக்கோட்டை மேட்டில் வைத்துப் பாருங்கள். 1792 உடன்படிக்கைப்படி கப்பம் வாங்கும் உரிமை கும்பெனிக்கு. கட்டபொம்மன் பாக்கி வைத்தான், ஆகவே குற்றவாளி! 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் தூக்கு. ஏடு முடிந்தது, அரசியல் முடிந்ததா? 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறை மீண்டதும், இடிந்த கோட்டை சில நாளில் எழுந்ததே, எந்தச் சட்டத்தின்படி எழுந்தது? மண் சுமந்தவர்க்கு ஆணையிட்டது எந்த உடன்படிக்கை? மே மாதம்வரை கும்பெனிப் படை அதன்முன் திணறியதே!

ஏட்டை விட்டு மாந்தர் நடத்தையை ஆராயும் போக்கு, இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவில் வலுத்தது. ராபர்ட் ஹார்டுகிரேவ் தென்பாண்டிச் சீமைக்கு வந்து, நாடார் சமூகத்தின் அரசியலை ஆராய்ந்து, 1969இல் நூல் வெளியிட்டார். நம் சந்தையையும் சங்கத்தையும் அயலார் வந்து அளந்தார். அவருக்குப் பெருமைதான், நமக்கு?

ஆனால், 1801இன் மனிதரிடம் வினாத்தாள் நீட்ட முடியாது. எஞ்சியவை, கலகக்காரர் எனப் பழிக்கும் கும்பெனிக் கடிதங்களும், வீரரை வானளாவப் புகழும் கதைப்பாடல்களும். ஒன்றை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். உங்களில் ஒருவர் இவ்வூர் முதியோரிடம் அமர்ந்து பாட்டை எழுதி எடுங்கள். மற்றொருவர் கோவில்பட்டியில் இரயிலேறுங்கள்; எழும்பூரில் இறங்கினால், ஆவணக் காப்பகம் நடைதூரந்தான்.