எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நம்ம கரைக்கும் குதிரைக்கும் பழைய உறவு. அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறையில் வந்து இறங்கியதை 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். குலசைக்குப் பக்கத்துச் செம்மணல் காட்டுக்குப் பெயரே குதிரைமொழித் தேரிதான். ஆனால் கட்டில்லாமல் திரியும் குதிரையைப் பார்க்கணும்னா கோடியக்கரைக்குப் போகணும்.

1967இல் வெளிமானுக்காக ஏற்பட்ட சரணாலயம் அது. யாரோ வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வாரிசுகள் அங்கே கூட்டமாக மேய்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் மானுக்கான புல்லைத்தான் குதிரையும் மேயுது. சீமைக்கருவேல் நெற்றைத் தின்னுட்டு, லத்தியோடு விதையைப் புல்வெளியில் போடுது. முள் பரவப் பரவ மானுக்கு இடம் சுருங்குது. குதிரையை விட்டு வைப்பதா, பிடித்து அப்புறப்படுத்துவதா? பிரியத்தை வைத்தோ கோபத்தை வைத்தோ இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வருஷா வருஷம் எடுத்த கணக்கு வேணும்.

அந்தக் கணக்கெடுப்பில் வனத்துறையினரோடு கல்லூரி மாணவர்களும் நடக்கிறார்கள். விடியற்காலையில், ஒதுக்கிய பகுதியில், சத்தமில்லாமல் நடக்கணும். எத்தனை, ஆணா பெண்ணா, குட்டி உண்டா, எந்தத் திசையில் போச்சு என்று குறிக்கணும். ஒண்ணுமே தென்படலையா? பூஜ்யம்னு எழுதுங்க. வெறுங்கையோடு வந்தோமேன்னு கூச்சப்பட்டு ரெண்டைச் சேர்த்தால், எல்லாருடைய உழைப்பும் வீண்.

நம்ம பக்கமும் 2011இல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தன்னார்வலர்கள்தான் பறவைகளை எண்ணுகிறார்கள். குளத்துக்கு ஆள் கிடைத்தாச்சு, தேரிக்கு யார்?

2024 பிப்ரவரி 28 அன்று குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நமக்குப் பெருமைதான். சாலை வரும், ஜனம் பெருகும், ஊர் மாறும். மாறுவதற்கு முன்னால் இந்த மண்ணில் மயில் எத்தனை, முயல் எத்தனை என்று யாராவது எழுதி வைத்தால்தானே, பிறகு கூடியதா குறைந்ததா என்று பேச முடியும்?

என் வேண்டுகோள் சின்னது. வனத்துறையின் அனுமதியோடு, மாதம் ஒரு ஞாயிறு காலை மாணவர்கள் தேரிக்கு வாருங்கள். பைனாகுலரும் வேன் வாடகையும் பழைய மாணவர்களாகிய எங்கள் பொறுப்பு. நோட்டுப் புத்தகம் மட்டும் கல்லூரி நூலகத்திலேயே இருக்கட்டும். நாம் படித்து முடித்துப் போனாலும் அடுத்த வகுப்பு தொடர்ந்து எழுதும்.