வயிறு கட்டிய மாணவி

பிரசவம் பார்க்கப் பழகும் மருத்துவ மாணவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலான பிரசவங்கள் தொல்லையில்லாமல் முடிந்துவிடும். கெட்ட நேரம் எப்போதாவதுதான் வரும். ஆனால் அது வரும்போது, 'தம்பி, நீ பாரு' என்று எந்தப் பேராசிரியரும் விலகி நிற்க மாட்டார். அப்படியானால் எங்கே பழகுவது?

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி கண்டவர் பிரான்சின் மருத்துவச்சி மதாம் து கூத்ரே. துணியும் தோலும் கொண்டு பெண்ணின் இடுப்புப் பகுதியைத் தைத்து, உள்ளே பொம்மைக் குழந்தையை வைத்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இன்றைக்கு நார்வே நாட்டில் உருவான மாமாநட்டாலி என்ற செயற்கை வயிறு இருக்கிறது. இதை ஆசிரியரோ சக மாணவியோ இடுப்பில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். குழந்தை பிறக்கும், நஞ்சு விழும். பிறகு, கட்டியிருப்பவர் உள்ளிருந்தே திறந்துவிட, சிவப்பு நீர் கொட்டத் தொடங்கும்.

புத்தகத்தில் எல்லாம் படித்த மாணவர்தான். இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும், ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும் என்று தெரியும். ஆனால் 'யாராவது ஊசி எடுத்துட்டு வாங்க' என்கிறார், ஒருவரும் நகர்வதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி ஏவினால்தான் வேலை நடக்கும். இதைத் தேர்வுத்தாளில் எப்படிச் சோதிப்பது?

இப்படிப் பழகுவதால் பலன் உண்டா? இங்கிலாந்தின் பிரிஸ்டலில், தலை வெளிவந்த பின் குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவங்களுக்குப் பொம்மை வைத்துப் பயிற்சி தந்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அத்தகைய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. இந்தியாவிலும் 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இத்தகைய பயிற்சிக்கான திறன் ஆய்வகத்தை வலியுறுத்துகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது நாடகம் முடிந்தபின் நடக்கும் பேச்சுதான். தாயாகப் படுத்திருந்த மாணவி எழுந்து உட்கார்ந்து சொல்வார்: 'எனக்கு என்ன ஆகுதுன்னு ரெண்டு தடவை கேட்டேன். யாரும் பதில் சொல்லலை. சொல்லாமலே வயித்துல கை வச்சீங்க.' பிரசவ அறையில் அதட்டல் வாங்கிய நம் ஊர்த் தாய்மார்கள் இப்படி எழுந்து உட்கார்ந்து சொன்னதுண்டா? பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த சுற்றில் வேடம் மாறும். டாக்டராக நின்றவர் வயிற்றைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதில் விலக்குக் கிடையாது.